பின்னால் வருகிறவள்

ஜூன் 24, செவ்வாய்

நகைச்சுவை மன்றச் செயலாளர் ஆவுடையப்பன் அண்ணாச்சி போன கூட்டம் முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். பாராட்டத்தான் போகிறார் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனேன்.

"பியூலா டீச்சர், ஒங்க மாமியார் எறந்து எத்தன வருசமாச்சு?"

"ஆச்சு அண்ணாச்சி, ரொம்ப வருசம்."

"இன்னும் அவ்வொள வச்சே ஜோக் ஓட்டுதியளே. வீட்ல நடக்கிறத அன்னன்னைக்கு எழுதி வைங்க. புதுச் சரக்கு கிடைக்கும்லா."

ஆகவே இந்த டைரி. எழுதுகிறவள் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் நூலகம் பார்க்கிறவள். வயது ஐம்பத்து மூன்று. எடையைக் கேட்காதீர்கள். மாதம் ஒருமுறை மைக் பிடித்து ஊரைச் சிரிக்க வைக்கிறவள், அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறவள். வீட்டுக்காரர் ஞானதுரை, ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார். தெரு முழுக்க அவரை 'சார்' என்கிறது. நானும் அப்படித்தான் கூப்பிடுவேன், கோபம் வந்தால் கூடுதல் மரியாதையோடு.

இன்றைய சரக்கு: சாரின் கால் குளியலறை வாசலில் ஒட்டிக்கொண்டது. பசை போட்ட மாதிரி. மூளை 'நட' என்கிறது, கால் 'யோசித்துச் சொல்கிறேன்' என்கிறது. கடைசியில் நான் "லெஃப்ட், ரைட்" சொல்லி உள்ளே அனுப்பினேன். அத்தனை வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் சொன்னதை இன்று அவருக்கே திருப்பிக் கொடுத்தாயிற்று.

படுக்கை விரிப்பை இன்றும் துவைத்தேன். தண்ணீர்ச் செம்பு தட்டிவிட்டது என்று எதிர்வீட்டு மாரியம்மாளிடம் சொன்னேன். தினமுமா தட்டும் என்று அவள் கேட்கவில்லை. நல்ல பெண்.

ஜூன் 29, ஞாயிறு

கோயிலில் ரோஸ்லின் மைனியைப் பார்த்தேன். சாரின் அக்கா. ஊரில் செய்தித்தாள் இரண்டு வருகிறது, மூன்றாவது மைனி. போன வருஷம் கோயில் அசன விருந்தில் சார் ரச வாளியோடு தடுமாறி, கமிட்டி மெம்பர் ஒருவரின் வேட்டியில் பாதி ரசத்தைக் கொட்டினார். அன்றிலிருந்தே பேச்சு ஓடுகிறது. இன்று நேரிலேயே கேட்டுவிட்டாள்.

"பியூலா, மறைக்காம சொல்லு. தம்பி சாயங்காலமானா எங்கயும் ஊத்துதானா?"

நற்கருணைத் திராட்சை ரசத்துக்கே முகத்தைச் சுளிக்கிற மனுஷர். நான் சிரித்தேன். சிரித்தபடியே வீட்டுக்கு வந்து அம்மியை எடுத்து மசாலா அரைத்தேன். மிக்ஸி இருக்கிறது. அரைக்க வேண்டும் போல இருந்தது.

கோயிலிலிருந்து திரும்பும்போது சாரோடு பக்கத்தில் பக்கத்தில் நடந்தேன். இதை எழுதி வைக்க வேண்டும். கல்யாணமான நாள் முதல் சார் முன்னால் போவார், நான் பின்னால் ஓடுவேன். ஒருநாள் கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. ஒருமுறை மார்க்கெட்டில் என்னைத் தொலைத்துவிட்டு வீடு வரை போய்விட்டார். நான் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது வாசலில் நின்று திரும்பினார். "சாவி எங்கட்டி?" என்றார். அதற்குத்தான் திரும்பினார்.

அப்படிப்பட்டவரோடு இன்று பக்கத்தில் நடக்கிறேன். எனக்குக் கூச்சமாக இருந்தது. யாராவது பார்த்தால் காதல் கல்யாணம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஜூலை 3, வியாழன்

மகள் ஜெபா கோயம்புத்தூரிலிருந்து போனிலேயே விரட்டி விரட்டி ஸ்கேன் எடுக்க வைத்தாள். மூளை சர்ஜன் டாக்டர் கோமதிநாயகம் படத்தை விளக்கில் மாட்டினார்.

"எல்லாருக்கும் மூளைக்குள்ள தண்ணி ஊறும், வடியும். சாருக்கு ஊறுது, வடியல. தேங்கி நிக்குது. அதான் கால் ஒட்டுது, மறதி வருது, ஒண்ணுக்கு அடக்க முடியல."

"அப்போ வயசுக் கோளாறு இல்லையா டாக்டர்?"

"இல்ல. குடியும் இல்ல," என்றார். நான் அதைக் கேட்கவே இல்லை. மைனி ஆஸ்பத்திரி வரைக்கும் விசாரித்துவிட்டாளோ என்னவோ.

தலையிலிருந்து ஒரு மெல்லிய குழாயைத் தோலுக்கு அடியிலேயே கொண்டுபோய் வயிற்றில் விட்டால், தேங்கும் தண்ணீர் அங்கே வடிந்துவிடுமாம். எங்கள் வீட்டு அடுப்படிக் குழாய் ஒழுகுவதற்கு சார் ஒருநாளும் பிளம்பரைக் கூப்பிட்டதில்லை. இப்போது அவர் தலைக்கே பிளம்பர்.

மன்றத்தில் சொல்ல இது போதும். கைதட்டல் நிச்சயம்.

ஜூலை 5, சனி

சோதனைக்காக முதுகில் ஊசி போட்டுக் கொஞ்சம் தண்ணீர் எடுத்தார்கள். சாயங்காலம் வராந்தாவில் நடக்கச் சொன்னார்கள். நடந்தார். சுவரைப் பிடிக்கவில்லை. திரும்பும்போது ஒட்டவில்லை. முனை வரை போய், நர்ஸ் பெண்ணைப் பார்த்து, "நெஞ்ச நிமித்தி நில்லும்மா," என்றார்.

நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டேன். முகம் கழுவத்தான்.

ஜூலை 9, புதன்

நாளை ஆபரேஷன். கையெழுத்து வாங்கும்போது டாக்டர் சொன்னார், "சிலருக்கு உள்ள ரத்தக் கசிவு வரலாம்." சிலர் என்றதும் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. எங்கள் குடும்பம் எந்தக் காலத்திலும் சிலரில் இருந்ததில்லை. லாட்டரியில்கூட.

ஜூலை 10, வியாழன்

முடிந்தது. மொட்டைத் தலை, காதுக்குப் பின்னால் தையல், வயிற்றில் தையல். கண் விழித்து என்னைப் பார்த்ததும் சார் கேட்ட முதல் கேள்வி: "கேஸ ஆஃப் பண்ணிட்டு வந்தியா?"

எத்தனை மாதமாயிற்று, இவருக்கு வீட்டில் கேஸ் இருப்பது ஞாபகம் வந்து!

ஜூலை 17, வியாழன்

டிஸ்சார்ஜ். டாக்டர் நிறையச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக நடக்கட்டும், ரொம்ப நேரம் நிற்க வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம். "நின்னா தலைவலி, படுத்தா சரியாகுதுன்னா ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாம வந்துரணும். தண்ணி வேகமா வடியுதுன்னு அர்த்தம்." நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். சார் குனிந்து தன் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டிருந்தார். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

நலம் விசாரிக்க வருகிறவர்களின் கூட்டம். ஹார்லிக்ஸ் பாட்டில்களை அடுக்கினால் ஒரு சுவரே எழுப்பலாம். ஒவ்வொருவரும் சோபாவில் உட்கார்ந்து, ஜெபித்து முடித்து, கண்ணைத் திறந்ததும் என்னைத்தான் பார்க்கிறார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியும்.

"சார், ஒரு நடை நடந்து காட்டுங்க."

ஹாலிலிருந்து கேட் வரை, கேட்டிலிருந்து ஹால் வரை. கூடவே என் வர்ணனை. "இதோ பார்த்துக்கிடுங்க, திரும்புதாரு, சுவரப் பிடிக்கல…" வந்தவர்கள் 'ஸ்தோத்திரம்' என்கிறார்கள். மாரியம்மாள் 'முருகா' என்றாள். எல்லாச் சாமிக்கும் பங்கு உண்டு.

ஆறாவது கோஷ்டி போனதும் சார் சொன்னார், "ஏட்டி, நான் என்ன கோயில் யானையா? போற வாற ஆளுக்கெல்லாம் நடந்து காட்ட?"

"யானைக்கு வாழைப்பழம் குடுக்காவ. ஒங்களுக்கு ஹார்லிக்ஸ்."

சிரித்தார். பழைய சிரிப்பு, தோள் குலுங்கி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கோயிலுக்கு நடந்தே போனோம். முனிசிபல் பள்ளித் திருப்பம் தாண்டியதும் கவனித்தேன். சார் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். நான் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

"ஏங்க, நில்லுங்க, மூச்சு வாங்குது!"

"நீ வாட்டி," என்றார், திரும்பாமல்.

கர்த்தாவே, அந்த முதுகைப் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தது!

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயிலில் சாரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். மேடையேறி, "கர்த்தர் எனக்கு மறுபடியும் காலைக் கொடுத்தார்," என்று ஒரே வரியில் முடித்துவிட்டு இறங்கினார். நான் போயிருந்தால் முக்கால் மணி நேரம் பேசியிருப்பேன்.

வெளியே போதகர், "இந்த வருசம் அசனத்துக்கு ரச வாளி யாருக்கு?" என்று பொதுவாகக் கேட்டார். சார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் போன வருஷத்து வேட்டி இருந்தது. பக்கத்தில் ரோஸ்லின் மைனி இருந்தாள்.

"சார்தான்," என்றேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஜெபா போனில் கத்தினாள். "அம்மா, டாக்டர் என்ன சொன்னாங்க? வாளியத் தூக்கிட்டு வெயில்ல நிக்கவா ஆபரேஷன் பண்ணுனோம்?"

"ஒரு பந்திதான். ஒங்க அப்பா சந்தோசத்தக் கெடுக்காத."

"அப்பா சந்தோசமா, ஒங்க சந்தோசமா?"

கோயம்புத்தூர் தண்ணீரில் ஏதோ இருக்கிறது. பிள்ளைகள் இப்படிப் பேசக் கற்றுக்கொள்கிறார்கள்.

சார் வாளியைத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

அசனம். கோயில் வளாகம் முழுக்கப் பந்தல், அடுப்பு, அண்டா. இந்த ஊர்க் கிறிஸ்தவனுக்கு அசனம் என்பது வருஷத்தில் ஒருநாள். அன்றைக்கு ஜாதி, பதவி, பேசாமலிருக்கிற சண்டை எல்லாவற்றையும் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு ஒரே வரிசையில் உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிடவேண்டும். சண்டையை வெளியே போகும்போது மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

சார் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, மொட்டைத் தலையில் துண்டைச் சுற்றி, வாளியோடு இறங்கினார். வழக்கம்போல ஓட்டம். ரசம் கேட்டு இலையிலிருந்து கை எழும்புவதற்குள் அடுத்த இலைக்குப் போய்விடுவார். "சார், ரசம்!" "சார், இங்கன!" என்று வரிசை முழுக்கச் சத்தம். ஒரு சொட்டு சிந்தவில்லை. அதே கமிட்டி மெம்பர் அதே வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். அவர் இலையில் சார் மிகமிக நிதானமாக ஊற்றிவிட்டு, "போதுமா?" என்று கேட்டார். பந்தலே சிரித்தது.

நான் மைனிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வேறு இடத்தில் இடம் இருந்தது.

"தம்பி நல்லாத்தாம்ட்டி இருக்கான்," என்றாள் மைனி. அவள் கண் கலங்கியிருந்தது. நான் வெற்றியை இன்னும் கொஞ்சம் ருசிக்கலாம் என்று பேசாமல் இருந்தேன்.

மூன்றாவது பந்தியில் ஜெபா போன். "அப்பா உக்காந்திருக்காங்களா?"

"உக்காந்திருக்காவ," என்றேன். பந்தியில் எல்லோரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள்.

கடைசிப் பந்தி வரை ஓடினார்.

ஆகஸ்ட் 16, சனி

சாருக்குத் தலை கனக்கிறதாம். நேற்றைய வெயில். படுத்தால் சரியாகிவிடுகிறது. வேலை என்றால் வலி, படுக்கை என்றால் குணம். ஆண்கள் எல்லோருக்கும் இருக்கிற தலைவலிதான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்னும் தலைவலி. மைனி மிச்ச ரசப்பொடி கொடுக்க வந்தவள், படுத்திருந்தவரைப் பார்த்துவிட்டு முக்குக் கடையில் தைலம் வாங்கி வந்து நெற்றியில் தேய்த்துவிட்டாள். "டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றாள்.

"அதுக்கென்ன, அடுத்த மாசம் செக்கப் இருக்குல்லா."

ஆகஸ்ட் 20, புதன்

வலதுகால் செருப்பு தேய்ந்துவிட்டது போல. நடக்கும்போது இழுக்கிற சத்தம். புதுச் செருப்பு வாங்க வேண்டும்.

யாரோ நலம் விசாரிக்க வந்தார்கள். நடந்து காட்டச் சொல்லவில்லை. தூங்குகிறார் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

பகல் முழுக்கத் தூக்கம். நான் பேசினால் தூங்குகிறவர்களை மன்றத்தில் பார்த்திருக்கிறேன். இவர் நான் பேசுவதற்கு முன்பே தூங்குகிறார். காபியை நீட்டினேன், கையிலிருந்து நழுவிவிட்டது. டம்ளர் வழுக்கல். விம் போட்டுக் கழுவ வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன்.

காலையில் கோயிலுக்கு எழுப்பினேன். கண்ணைத் திறந்தார். வாயைத் திறந்தார். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. வலதுகை கட்டிலுக்கு வெளியே விழுந்து அப்படியே கிடந்தது. நான் எடுத்து உள்ளே வைத்தேன். மறுபடி விழுந்தது. மறுபடி வைத்தேன். மாரியம்மாள் வந்து என்னைப் பிடித்து நகர்த்திவிட்டு ஆம்புலன்சுக்கு அடித்தாள்.

டாக்டர் கோமதிநாயகம் படத்தை மாட்டினார். போனமுறை பார்த்த மூளை. இப்போது இடதுபக்கம் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே பிறை மாதிரி ஒரு பட்டை.

"ரத்தம். குழாய் வழியா தண்ணி அதிகமா வடிஞ்சிருக்கு. மூளை சுருங்கி உள்ள எறங்கியிருக்கு. அப்போ மேல இருக்கிற சின்ன ரத்தக் குழாய் இழுபட்டு அறுந்து கசிஞ்சிருக்கு. ஒரு நாள்ல சேந்த ரத்தம் மாதிரி தெரியல." என்னைப் பார்த்தார். "தலைவலி எப்போலருந்து இருக்கு?"

"நேத்துலருந்து," என்றேன்.

ரோஸ்லின் மைனி என் பக்கத்தில்தான் நின்றாள். தைலம் வாங்கியதே அவள்தான். வாயைத் திறக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மண்டையில் இரண்டு துளை போட்டு ரத்தத்தை எடுத்தார்கள். குழாயைக் கட்டி மூடிவிட்டார்கள். திறந்திருந்தால் மறுபடி கசியுமாம்.

ஜெபா வந்தாள். என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. அப்பாவின் காலைத் தடவிக்கொண்டே நின்றாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஐ.சி.யூ.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கண் விழித்தார். என்ன கேட்பார் என்று குனிந்து காத்திருந்தேன். கேஸ் ஆஃப் பண்ணிவிட்டேன் என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. பேச்சு கொஞ்சம் வருகிறது. வலதுகை பாதி வருகிறது. கால் பழையபடி ஒட்டுகிறது.

ஜெபா டாக்டரைக் கேட்டாள், "குழாயத் திறந்தா அப்பா பழையபடி நடப்பாங்களா?"

"நடக்கலாம்மா. ஆனா கசியும். மூடி வச்சா கசியாது. ஆனா தண்ணி தேங்கும், நடையும் ஞாபகமும் கொறஞ்சிட்டே வரும். உள்ள இருக்கிற ரத்தம் முழுசா கரைஞ்சி, மூளை மேல எழும்பி வந்துச்சுன்னா யோசிக்கலாம். ரெண்டு மாசம் பாப்போம்."

இரண்டு மாசம். ஆண்டவரே, இதுவரை உம்மிடம் பரிசு கேட்டதில்லை. மன்றத்தில் முதல் பரிசுகூடக் கேட்டதில்லை. (பொய். ஒருமுறை கேட்டேன். நீர் தரவில்லை.)

செப்டம்பர் 28, ஞாயிறு

நலம் விசாரிக்க வந்தவர்கள் சாரிடம் சத்தமாக, மெதுவாக, குழந்தையிடம் பேசுவது போலப் பேசுகிறார்கள். "சார், நான் யாரு, சொல்லுங்க பாப்போம்?" சார் மரியாதையாகச் சிரிக்கிறார். இது என்ன பரீட்சை? இவரிடம் படித்தவன்களே இவரை ஃபெயில் ஆக்கிவிட்டுப் போகிறான்கள்.

ஊரில் ஒருவர்கூட, "தலைவலி வந்தப்பவே ஏன் போகல?" என்று என்னைக் கேட்கவில்லை. அப்படியானால் மைனி இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. ரோஸ்லின் மைனி! அடுத்த தெருவில் பால் திரிந்தால்கூட அந்த வீட்டுக்காரிக்கு முந்தி ஊருக்குச் சொல்கிறவள். தினமும் வருகிறாள், தூக்குவாளியில் ரசம் கொண்டுவருகிறாள், தம்பிக்கு ஊட்டுகிறாள், போகிறாள். வாசலில் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். திட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஆகஸ்ட் பக்கங்களை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். காற்றில் புரளாமல் இருக்க.

அக்டோபர் 11, சனி

ஜெபா விடுப்பில் வந்திருந்தாள். "போயிட்டு வாங்கம்மா," என்று மன்றத்துக்குத் துரத்தினாள். டைரியைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். பிளம்பர் ஜோக் இருந்தது, யானை ஜோக் இருந்தது. மைக்கைப் பிடித்தேன்.

மாமியார் ஜோக்கையே சொன்னேன்.

முதலில் கைதட்டியவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி. கடைசி வரை தட்டினார்.

நவம்பர் 6, வியாழன்

ஸ்கேன். ஜெபாவும் மைனியும் வெளியே. நான் மட்டும் உள்ளே போனேன். டாக்டர் படத்தை மாட்டிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கே படிக்கத் தெரிந்துவிட்டது. அந்தப் பிறை மெலிந்திருந்தது, போகவில்லை.

"மூளை எழும்பல. பழைய ரத்தத்துக்குள்ள புதுசாவும் கொஞ்சம் கசிஞ்சிருக்கு. இப்போ குழாயத் திறந்தா இந்தத் தடவ தாங்க மாட்டாரு."

"அழுத்தத்த மாத்துற வால்வுன்னு ஏதோ இருக்காமே டாக்டர், ஜெபா சொன்னா…"

"மொதல்லயே இது வராம இருந்தா அது ஒதவும். இவருக்கு அதுலயும் பயம் இருக்கு." கண்ணாடியைக் கழற்றினார். "மூடியே இருக்கட்டும்மா."

"கொஞ்சம் முந்தி கொண்டுவந்திருந்தா?" என்று கேட்டேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நீங்கதான் நேத்துலருந்துன்னு சொன்னீங்களே," என்றார். குரலில் ஒன்றுமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வெளியே வந்ததும் ஜெபா என் முகத்தைப் பார்த்துவிட்டு முதல்முறையாக என்னைக் கட்டிக்கொண்டாள். மைனி தூக்குவாளியைத் திறந்து, "ஆறிரும், குடி," என்றாள். குடித்தேன். புளி கூடுதல். சொல்லவில்லை.

நவம்பர் 29, சனி

இரண்டு நாளாகச் சார் என்னை 'சிஸ்டர்' என்று கூப்பிடுகிறார். ஆஸ்பத்திரியில் பழகிய வார்த்தை. "சிஸ்டர், தண்ணி." "சிஸ்டர், விசிலடிச்சாச்சா?" கல்யாணமான நாளிலிருந்து 'ஏட்டி'யைத் தவிர வேறு மரியாதை கேட்டதில்லை. இப்போது கிடைக்கிறது.

இரண்டு நாள் அழுதேன் என்று எழுதலாம். ஒரு நாளைக்குத்தான் நேரம் கிடைத்தது. துவைக்கிற விரிப்பு கிடக்கிறது. மாரியம்மாளிடம் செம்புக் கதை சொல்லவில்லை. அவளே வந்து ஒரு முனையைப் பிடித்துப் பிழிந்து கொடுத்தாள்.

டிசம்பர் 26, வெள்ளி

ஜெபா கிறிஸ்துமசுக்கு வந்திருக்கிறாள். சாயங்காலம் சாரைத் தெருவில் நடக்கக் கூட்டிப்போனோம். ஒருபக்கம் அவள், ஒருபக்கம் நான். புதுச் சட்டை போட்டிருந்தார். "லெஃப்ட், ரைட்" சொல்லிச் சொல்லி முனிசிபல் பள்ளித் திருப்பம் வரை வந்துவிட்டோம். எதிரே வந்த எல்லோரும் வழிவிட்டார்கள்.

திருப்பத்தில் நின்றுவிட்டார். கால் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன்.

"என்ன சார், வலிக்கா?"

"கொஞ்சம் நில்லுங்க சிஸ்டர்," என்றார். "வீட்டுக்காரி பின்னால வாரா."

நான் ஜெபாவைப் பார்த்தேன். 

"அவளுக்கு வேகமா நடக்க வராது. மூச்சு வாங்கும்," என்றார் சார். பிறகு உடம்பு முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். ஜெபாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு அடி, இன்னொரு அடி, முழுக்கத் திரும்பி நின்றார். வந்த வழியையே பார்த்தார். தெருவில் மாரியம்மாள் வீட்டு நாயைத் தவிர யாரும் இல்லை. அப்படியும் பார்த்துக்கொண்டே நின்றார். முகத்தில் கோபமில்லை, அவசரமில்லை. எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்பார் போல.

இத்தனை வருஷம் இந்த மனுஷரின் முதுகைப் பார்த்தே காலத்தை ஓட்டினேன். முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு என் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் போயிருக்கிறார்.

"ஜெபா, அப்பாவப் பிடிச்சிக்கோ," என்றேன்.

பள்ளிச் சுவரோரமாக, அவர் பார்க்காத பக்கமாகச் சுற்றி, பின்னால் போனேன். எங்கள் கேட் வரை போனேன். அங்கிருந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்க ஓடி வந்தேன். நடிக்க வேண்டியிருக்கவில்லை. உண்மையிலேயே மூச்சு வாங்கியது.

"இந்தா, வந்துட்டேம்லா!"

சார் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"சாவி எங்கட்டி?"

கையில் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுபடி மெதுவாக முன்பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தார். ஜெபா முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு அவரைப் பிடித்தபடி போனாள். நான் பக்கத்தில் போகவில்லை. பின்னாலேயே போனேன்.

டிசம்பர் 31, புதன்

ஜெபா ஊருக்குப் போய்விட்டாள். இன்றும் அதே திருப்பத்தில் நின்றார். "கொஞ்சம் நில்லுங்க சிஸ்டர்," என்றார்.

அவர் கையைப் பள்ளிச் சுவரில் பிடிக்க வைத்துவிட்டு, பின்னால் போய் வந்தேன்.